மிசினும் வேண்டாம், கடனும் வேண்டாம்: வீட்டில் பழ ஐஸ்கிறீம்



பின்னேரம் மூன்று மணியானால் எங்கள் ஊர்களில் ஒரு மணிச்சத்தம் கேட்கும். ஐஸ்பழக்காரர் வருகிறார் என்று அர்த்தம். முன்பு சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு வந்தார். இப்போது மோட்டார் சைக்கிளிலும் ஆட்டோவிலும் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். சத்தம் மாறினாலும் பிள்ளைகள் ஓடிவரும் ஓட்டம் மாறவில்லை.

சென்ற மாதம் படுவான்கரைக் கிராமம் ஒன்றில் பெண்கள் சங்கக் கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அந்த நாளையில இந்த மணி கேட்டா நான் கதவச் சாத்திப் போடுவன் மிஸ். புள்ளயள் கேட்டு நான் இல்லெண்டு சொல்றதக் காட்டிலும் கதவச் சாத்துறது நல்லமெண்டு."

போரில் கணவனை இழந்து, மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர் அவர். இப்போது ஒரு மகள் வெளிநாட்டில் வேலை செய்கிறார். பேரப்பிள்ளைகள் இருவர் இவரோடு இருக்கிறார்கள். சிரிப்பு அடங்கியதும் மெதுவாக அடுத்த விடயத்தைச் சொன்னார். "பிறீசர் ஒண்டு வாங்கி ஐஸ்கிறீம் போட்டு விக்கலாமெண்டு நினைக்கிறன். கடன் தாறதுக்கு ஆக்கள் வந்து கேட்டுப் போயிருக்காங்க."

அந்த அக்காவுக்கு நான் சொன்னதைத்தான் இந்த மாதம் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். முதலில் ஐஸ்கிறீம். பிறகு கடன்.

மிசின் என்ன வேலை செய்கிறது?

ஐஸ்கிறீம் என்றால் பெரிய மிசின் வேண்டும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். மிசின் செய்வது இரண்டே வேலைதான். உறையும் பாலைக் கிண்டிக்கொண்டே இருப்பதால் தண்ணீர் பெரிய கட்டிகளாக உறையாமல் தடுக்கிறது. அதோடு உள்ளே காற்றையும் சேர்க்கிறது. இந்த இரண்டும்தான் ஐஸ்கிறீமை நாக்கில் மென்மையாக்குகின்றன. வெறும் பாலையும் சீனியையும் கலந்து பிறிட்ஜில் வைத்தால் ஏன் கல்லுப்போல வருகிறது என்று இப்போது விளங்கும்.

மிசின் இல்லாவிட்டால் வேறு வழி உண்டு. உறைவதற்குத் தண்ணீரே அதிகம் இல்லாதபடி கலவையைக் கெட்டியாகச் செய்துவிட வேண்டும். இதற்கு உதவுவது ரின்பால். பாலில் உள்ள தண்ணீரின் பெரும்பகுதியை வற்றவைத்து, நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் சீனி சேர்த்ததுதான் ரின்பால். சீனி கரைந்த தண்ணீர் இலகுவில் உறையாது. கொழுப்பு இருந்தால் ஐஸ் கட்டிகள் பெரிதாக வளராது. ஆகவே சீனி, கொழுப்பு, குறைந்த தண்ணீர் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் கிண்டாமலே ஐஸ்கிறீம் வரும். சீனி நல்லதல்ல என்று மிகவும் குறைத்தால் கட்டியாகிவிடும். கூட்டினால் உறையவே மாட்டாது.

ரின்பாலுக்கும் போருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அமெரிக்காவில் கெய்ல் போர்டன் என்பவர் 1856இல் இதற்கு உரிமம் பெற்றார். 1861 முதல் 1865 வரை அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் படையினருக்கு இதை வாங்கிக் கொடுத்ததால்தான் இது பெரிய தொழிலாக வளர்ந்தது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கையால் சுற்றும் ஐஸ்கிறீம் பொறிக்கு 1843இல் அமெரிக்காவில் உரிமம் பெற்றவர் நான்சி ஜோன்சன் என்ற ஒரு பெண்.

எங்கள் மண்ணின் கிறீம்

வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் அடித்து நுரைக்க வைக்கும் கிறீம் ஒன்றைச் சொல்வார்கள். அது நகரத்துப் பெரிய கடைகளில்தான் கிடைக்கும், விலையும் கூட. அதைத் தேடி அலையத் தேவையில்லை. மட்டக்களப்புக்குப் பெயர் வாங்கித் தந்த எருமைத் தயிர் எங்களிடம் இருக்கிறது. எருமைப் பாலில் பசும்பாலை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு கொழுப்பு உண்டு. தண்ணீரை வடித்துவிட்டால் அதுவே கிறீம்தான்.

ஒரு காலத்தில் இந்தத் தயிர்ச் சட்டிகள் மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்திருந்துதான் வாவியைக் கடந்தன. 2014இல் பாலம் திறந்த பிறகு அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் தயிர் தரும் மாடுகளுக்கு மேய்ச்சல் தரை வேண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக எங்கள் பண்ணையாளர்கள் 2023 செப்ரெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கியதை நீங்கள் அறிவீர்கள். ஒரு சட்டி தயிர் வாங்கும்போது அதன் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்வோம்.

மாம்பழத் தயிர் ஐஸ்கிறீம்

தேவையான பொருட்கள் (ஏறத்தாழ 12 சிறிய கிண்ணங்களுக்கு):

கட்டியான எருமைத் தயிர் - 1 லீற்றர்ச் சட்டி
நன்றாகக் கனிந்த மாம்பழம் - பெரியது 3
ரின்பால் - அரைப் பேணி (ஏறத்தாழ 200 கிராம்)
தேசிக்காய்ச் சாறு - 1 தேக்கரண்டி
உப்பு - ஒரு சிட்டிகை

செய்முறை:

1. ஒரு மெல்லிய பருத்திச் சீலையைக் கொதிநீரில் அவித்து, பிழிந்து எடுங்கள். தயிரை அதில் கட்டி, ஒரு பாத்திரத்தின் மேல் 3 அல்லது 4 மணி நேரம் தொங்கவிடுங்கள். பிறிட்ஜினுள் வைத்து வடிப்பது மேலும் நல்லது. தயிர் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். வடிந்த தண்ணீரை வீசாதீர்கள். ரொட்டிக்கு மாக் குழைக்க உதவும்.

2. மாம்பழத்தைத் தோல் நீக்கிக் கையால் நன்றாகப் பிசையுங்கள். நார் உள்ள பழமானால் வடியில் அரித்தெடுங்கள். இரண்டு கப் கூழ் போதும். கூழ் தண்ணீராக இருந்தால் சிறு தீயில் 10 நிமிடம் வற்றவைத்து ஆறவிடுங்கள்.

3. வடித்த தயிரை ஒரு கரண்டியால் கட்டியில்லாமல் அடியுங்கள். ரின்பால், உப்பு, தேசிக்காய்ச் சாறு சேருங்கள். கடைசியாக மாம்பழக் கூழைச் சேர்த்து மெதுவாகக் கலவுங்கள். ருசி பாருங்கள். குளிர்ந்த பிறகு இனிப்புக் குறைவாகவே தெரியும். ஆகவே இப்போது சற்று இனிப்பாக இருக்க வேண்டும்.

4. மூடியுள்ள தட்டையான பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஊற்றி மூடி, பிறீசரில் 6 முதல் 8 மணி நேரம் வையுங்கள். ஆழமான பாத்திரத்தில் உறைய அதிக நேரம் எடுக்கும். இடையில் ஒருமுறை, இரண்டு மணி நேரம் கழித்து, முள்ளுக் கரண்டியால் கிண்டிவிட்டால் இன்னும் மென்மையாக வரும். கிண்டாவிட்டாலும் பிழையில்லை.

5. பரிமாறுவதற்கு 10 நிமிடத்துக்கு முன் வெளியே எடுத்து வையுங்கள்.

ரின்பால் வாங்க முடியாத நாட்களில் ஒரு லீற்றர் பசும்பாலையும் 250 கிராம் சீனியையும் சிறு தீயில் கிண்டிக் கிண்டி மூன்றில் ஒரு பங்காக வற்றவையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். விறகு அடுப்பு என்றால் அடிப்பிடிக்காமல் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

வாழைப்பழ ஐஸ்கிறீம்

இது எல்லாவற்றிலும் மலிவானது. தோலில் கறுப்புப் புள்ளி விழுந்து, கடையில் விலை குறைத்துக் கொடுக்கும் பழம்தான் இதற்கு மிகச் சிறந்தது. கதலியோ கப்பலோ 8 பழங்களை மசியுங்கள். கறுக்காமல் இருக்கத் தேசிக்காய்ச் சாறு 1 தேக்கரண்டி விடுங்கள். பால்மா 4 மேசைக்கரண்டி, சீனி 3 மேசைக்கரண்டி, தேங்காயின் கெட்டியான முதற்பால் அரைக் கப் சேர்த்து நன்றாக அடித்து உறைய வையுங்கள். முதற்பாலைக் கொதித்தாறிய இளஞ்சூட்டு நீர் மிகக் கொஞ்சம் விட்டுப் பிழிய வேண்டும். வறுத்த கஜு இருந்தால் இடித்து மேலே தூவலாம்.

எந்தப் பழம் சரிவராது?

அன்னாசியையும் பப்பாசியையும் பச்சையாகப் பாலோடும் தயிரோடும் கலக்காதீர்கள். அவற்றில் பாலின் புரதத்தை உடைக்கும் ஒரு பொருள் இருக்கிறது. கலவை சிறிது நேரத்தில் கசக்கும், தண்ணீர் விட்டுப் பிரியும். வெட்டிச் சீனி போட்டு 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறிய பின் சேர்த்தால் பிரச்சினை இல்லை. வத்தகப்பழத்தில் தண்ணீர்தான் அதிகம். அதைச் சாறாக்கிச் சிறிது சீனியோடு அச்சில் ஊற்றி ஐஸ்பழமாகச் செய்வதே பொருத்தம். கொய்யாப்பழத்தை அவித்து, விதையை அரித்து நீக்கிய பின் சேருங்கள்.

பிறிட்ஜ் இல்லாத வீட்டில்

பிறிட்ஜ் இல்லை என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான்சி ஜோன்சன் காலத்தில் யாரிடமும் பிறிட்ஜ் இருக்கவில்லை. ஐஸையும் உப்பையும் வைத்துத்தான் செய்தார்கள். வாவிக்கரையில் வாழும் எங்களுக்கு மீனுக்குப் போடும் ஐஸ் கட்டி புதிதல்ல.

ஐஸ் கட்டியைச் சாக்கில் போட்டு உடைத்து, மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்று ஒரு வாளியில் கலந்து போடுங்கள். உப்புச் சேர்ந்ததும் ஐஸ் இன்னும் பல பாகை குளிராகும். இறுக்கமான மூடியுள்ள சிறிய அலுமினியப் பாத்திரத்தில் கலவையைப் பாதியளவு ஊற்றி அதன் நடுவே புதையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாத்திரத்தை இடமும் வலமும் சுழற்றுங்கள். இடையிடையே மூடியைத் துடைத்துத் திறந்து ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டிக் கலவுங்கள். முக்கால் மணி நேரத்தில் கெட்டியாகும். பிள்ளைகளிடம் சுழற்றக் கொடுத்தால் அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

ஆனால் ஒன்று. மீன் ஐஸ் வெளிப்பாத்திரத்துக்கு மட்டும்தான். ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. உப்பு ஐஸை வெறுங்கையால் பிடித்தால் கை வெந்துபோகும், துணி சுற்றிக்கொள்ளுங்கள். மிஞ்சிய உப்புத் தண்ணீரை மரம் செடிகளுக்கு ஊற்றாதீர்கள்.

கவனம், சகோதரிகளே

குளிரில் கிருமி செத்துப்போகும் என்று பலர் நம்புகிறார்கள். அது பிழை. பெரும்பாலானவை உறங்கும். உருகியதும் விழித்துக்கொள்ளும். ஆகவே:

- பசும்பாலைக் கொதிக்க வைக்காமல் பாவிக்காதீர்கள். தண்ணீர் சேர்ப்பதானால் கொதித்தாறியதாக இருக்கட்டும்.
- பச்சை முட்டை சேர்க்கும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள்.
- முழுதாக உருகியதைத் திரும்ப உறைய வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.
- மின்சாரம் போனால் பிறீசர் கதவைத் திறக்காதீர்கள். நிரம்பிய பெரிய பிறீசர் ஏறத்தாழ இரண்டு நாள் தாங்கும். பாதி நிரம்பியது ஒரு நாள் தாங்கும். சாதாரண பிறிட்ஜின் மேல்தட்டு அவ்வளவு தாங்காது.
- வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல் இருக்கும்போது பிறருக்காக ஐஸ்கிறீம் செய்யாதீர்கள்.
- சீனி வருத்தம் உள்ளவர்கள் ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனிக் கடனைப் பற்றி

என்னுடைய பிழை ஒன்றைச் சொல்கிறேன். 2019இல் நான் வேலை செய்த நிறுவனம் ஊடாக ஒரு கிராமத்துப் பெண்கள் குழுவுக்குப் பெரிய பிறீசர் ஒன்று கொடுத்தோம். அதற்கான திட்டத்தை எழுதியது நான்தான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கு 'வாழ்வாதாரம்', 'வலுவூட்டல்' என்று எழுத நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஐஸ்கிறீம் வாங்குவார்கள் என்று ஒருவரிடமும் கேட்கத் தெரிந்திருக்கவில்லை. மாரி காலத்தில் விற்பனை நின்றது. பாடசாலை விடுமுறையில் நின்றது. மின்கட்டணம் மட்டும் நிற்கவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்றோம். மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது. இருந்த கொஞ்சமும் உருகி ஓடியது. கடைசியாக நான் போனபோது அந்தப் பிறீசருக்குள் எலிக்குப் பயந்து அரிசி போட்டு வைத்திருந்தார்கள். அது நன்கொடை. அந்தப் பெண்களுக்கு நட்டம் உழைப்போடு போயிற்று. கடனாக இருந்திருந்தால்?

வாரா வாரம் வீட்டு வாசலுக்கு வரும் கடன் எங்கள் பெண்களை என்ன செய்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. நிலைமை முற்றியபடியால்தான் 2018இல் அரசாங்கமே, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அறிவிக்க வேண்டி வந்தது.

ஆகவே அந்த அக்காவும் நானும் ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டோம். விலைகள் மாறும். இது உதாரணம் மட்டுமே.

தயிர், பழம், ரின்பால், கிண்ணம், மின்சாரம் எல்லாம் சேர்த்து 12 கிண்ணத்துக்கு 1,200 ரூபா செலவு என்று வைப்போம். ஒரு கிண்ணம் 100 ரூபா. ஊரில் 120 ரூபாவுக்குத்தான் வாங்குவார்கள் என்றால் மிச்சம் 20 ரூபா. பிறீசரின் விலை 120,000 ரூபா என்றால், அந்த விலையை எடுக்க 6,000 கிண்ணம் விற்க வேண்டும். ஒரு நாளைக்கு 20 கிண்ணம் விற்றாலும் 300 நாள். மழை நாள், விடுமுறை, மின்வெட்டு, உருகியது, கடனுக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் விட்டுத்தான் இந்த 300. அதுவரை வீட்டுக்கு ஒரு சதமும் வராது. வட்டியை நாங்கள் இன்னும் சேர்க்கவே இல்லை.

அக்கா பேனையைக் கீழே வைத்துவிட்டு, "ஆறாயிரமா மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

விற்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்படித் தொடங்குங்கள் என்கிறேன். ஒரு பேணி ரின்பால், ஒரு சட்டி தயிர். பிறிட்ஜ் உள்ள அயல்வீட்டாரிடம் ஒரு தட்டுக் கேளுங்கள். அதற்குப் பதிலாக அவர்களுக்கு இரண்டு கிண்ணம் கொடுங்கள். முதல் முறை வீட்டாருக்கு மட்டும். இரண்டாம் முறை பிறந்தநாள், கோயில் திருவிழா, சங்கக் கூட்டம் என்று முன்கூட்டியே சொன்னவர்களுக்கு மட்டும் செய்யுங்கள். சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒன்றும் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் செலவையும் வரவையும் எழுதுங்கள், உங்கள் உழைப்புக்கும் ஒரு கூலி போட்டு எழுதுங்கள். ஆறு மாதக் கணக்கு உங்கள் கையில் இருக்கும்போது பிறீசர் வேண்டுமா என்று அந்தக் கொப்பியே சொல்லும். அப்போதும் வாசலுக்கு வந்தவரிடம் அல்ல, உங்கள் சங்கச் சேமிப்பில்தான் முதலில் கேளுங்கள்.

தொடர்ந்து விற்பதாக முடிவெடுத்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் பிரதேச சபையையும் முதலில் சந்தியுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டில் செய்து விற்பவருக்கும் பொருந்தும். அவரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. என்ன திருத்த வேண்டும் என்று கேட்டு வாருங்கள்.

அடுத்த முறை நான் போனபோது அக்கா மாம்பழ ஐஸ்கிறீம் செய்திருந்தார். அயல்வீட்டுப் பிறிட்ஜில் உறைந்தது. பேரப்பிள்ளைகள் இருவரும் விரலையும் நக்கினார்கள். பிறிட்ஜ் தந்த வீட்டுக்கு இரண்டு, எனக்கு ஒன்று, எதிர்வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று என்று பங்கு வைத்தார். பாத்திரத்தைக் கழுவப் போனபோது நான் மறித்தேன். "உங்களுக்கு எங்கே அக்கா?"

"எனக்கென்னத்துக்கு மிஸ். புள்ளயள் திண்டாப் போதும்."

இந்தப் பதிலை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். நல்ல சீலை, நல்ல மீன் துண்டு, ஒரு கலியாண வீடு, எதற்கும் இதே பதில். இழப்போடு சேர்த்து ஆசையையும் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று யாரோ எங்களுக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள். என் கிண்ணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். வாங்க மறுத்தார். பேத்தி ஒரு கரண்டி எடுத்து ஊட்டிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். "குளிருது மனே" என்றார். பிறகு மிச்சத்தையும் சாப்பிட்டார்.

ஆகவே மேலே எழுதிய செய்முறையில் ஆறாவது படி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 12 கிண்ணம் வந்தால், முதலாவதை உங்களுக்கென்று எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் பங்கிடுங்கள்.

செய்து பார்த்தவர்கள் எப்படி வந்தது என்று எழுதுங்கள். பிழைத்துப் போயிருந்தாலும் எழுதுங்கள், எங்கே பிழைத்தது என்று சேர்ந்து பார்ப்போம்.